மேல மூன்றாம் வீதியில் ஒரு கஞ்சிரா

போன வாரம் ஒரு கல்யாணக் கச்சேரியில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். காது மந்தமானவர்களுக்கு இப்படிச் சில சலுகைகள் உண்டு. கஞ்சிராக்காரர் தண்ணீரைத் தொட்டுத் தோலில் தடவியதும் அந்த ஈர வாசம் எழுந்தது. அதற்குப் பிறகு பாடகர் என்ன பாடினார் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் புதுக்கோட்டை மேல மூன்றாம் வீதிக்குப் போய்விட்டேன்.

சமஸ்தானம் கலைந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆவூரிலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்த எனக்கு அந்த ஊரே வியப்பு. கோடு போட்டாற்போல நேரான வீதிகள். தேக்குத் தூண்களும் வழவழவென்ற சுண்ணாம்புச் சுவர்களுமாக வீடுகள். சாயங்காலம் ஆஸ்பத்திரி விட்டு நடந்தால் ஒரு வீட்டில் வீணை, கொஞ்சம் தள்ளிப் பாட்டு. நான் அறிந்த சங்கீதமோ எங்கள் மாதா கோயில் ஆர்மோனியம் மட்டும்தான். எந்த ராகமானாலும் நன்றாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டே போவேன்.

நான் குடியிருந்த வீட்டுக்காரர் அரண்மனையில் மிருதங்கம் வாசித்தவர். மனைவியை இழந்தவர். மகள் தையல்நாயகிக்கு என் வயது. அவள் தம்பி ராசுவுக்கு வாசிப்பு ஏறவில்லை, சைக்கிள்தான் உயிர். கேட்டுக் கேட்டே கஞ்சிரா பழகியவள் தையல்நாயகிதான். உலை கொதிக்கும்வரை அடுக்களையில் உட்கார்ந்து வாசிப்பாள். கூடத்திலிருந்து அவள் அப்பா மிருதங்கத்தில் பதில் சொல்வார். துணி உலர்த்தப் போன நான் ஈரத்துணியோடு முற்றத்தில் நிற்பேன்.

அடுத்த வீதியில் ஒரு கல்யாணம். அப்பாதான் மிருதங்கம். கஞ்சிராக்காரருக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் திருமயத்திலிருந்து ஆள் வந்து சொன்னான். அப்பா வேகமாக வீட்டுக்கு வந்து, மகள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “உள்ளறையில இருந்து வாசி தாயி. யாருக்கும் தெரியாது.”

அறந்தாங்கியில் அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்த சமயம். சபையில் வாசிக்கும் பெண் என்று தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கஞ்சிராவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு புறப்பட்ட அவசரத்தில் செருப்பைக்கூட மறந்துவிட்டாள்.

மேடைக்குப் பின்னால் ஓர் அறை. ஒருக்களித்துச் சாத்திய கதவுக்குப் பின்னே அவள் உட்கார்ந்தாள். தண்ணீர்க் கிண்ணத்தோடு பக்கத்தில் நான். தனி ஆவர்த்தனம் வந்ததும் அப்பா வாசித்ததை வாங்கித் திருப்பிக் கொடுத்தாள். முதலில் அடக்கமாக, பிறகு அவரையே துரத்திக்கொண்டு. வேர்வை மூக்கு நுனியில் வழிந்தது. துடைத்துவிட நினைத்தேன், கிண்ணத்தைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும், உள்ளே யார் என்று கல்யாணப் பெண்ணின் தகப்பனார் கேட்டார். அப்பா மிருதங்கத்திலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: “எம் மகன் ராசுங்க. சபைக்கூச்சம்.”

வாசலில் சைக்கிளோடு நின்ற ராசுவைப் பிடித்து வந்து சால்வை போர்த்தினார்கள். அவன் அழுகையோடு உள்ளே வந்து அதை அக்காள் தோளில் போடப் போனான். அவள் கையைத் தடுத்தாள்.

“ஒனக்குத்தான் போத்துனாங்க. நீயே வச்சுக்க.”

குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது.

அப்புறம் ராசுவைக் கச்சேரிக்குக் கூப்பிட ஊர் ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வாசிக்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வான்? கர்வம் பிடித்தவன் என்று பேச்சானது. ஒருநாள் மெட்ராஸ் ரயிலேறியவன் திரும்பவில்லை. தையல்நாயகிக்குக் கல்யாணம் நடந்தது. கஞ்சிராவை அவள் எடுத்துப் போகவில்லை. அவள் போனபின் அப்பாவும் வாசிக்கவில்லை. நான் மாற்றலாகிக் கிளம்பியபோது, ஏன் வாசிப்பதில்லை என்று கேட்டேன். “பதில் வராம என்னத்த வாசிக்கிறது, நர்சம்மா?” என்றார்.

இன்று அந்த வீடு இல்லை. அந்த வரிசையில் பாதி, கடைகளாகிவிட்டது.

தையல்நாயகி இறந்த சேதி கேட்டு அறந்தாங்கிக்குப் போயிருந்தேன். அவள் மகன், தலை நரைத்தவர், எனக்கு நாற்காலி போட்டார். அம்மா கஞ்சிரா வாசித்து நான் கேட்டிருக்கிறேன் என்றேன். அவர் குழப்பத்தோடு பார்த்தார்.

“வேற யாரையோ நெனச்சுச் சொல்றீங்க. ரேடியோவுல பாட்டு வந்தாலே அம்மா அமத்தச் சொல்லிருவாங்க.”

அவளே சொல்லாததை நான் எப்படிச் சொல்வது?

“இருக்கும் தம்பி. எனக்கும் வயசாயிருச்சுல்ல” என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.