கூடை போகும் அளவுக்கு ஒரு கதவு

1. காலை ஆறே முக்காலுக்குப் பாட்டுப் போட்டபடி பாண் விற்கும் ஆட்டோ வரும். பாண் என்றால் நம் ஊர் பிரெட்.
2. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் அடுக்குமாடியின் பால்கனிகளிலிருந்து கயிற்றில் கட்டிய கூடைகள் இறங்கும். பாண் மேலே ஏறும்.
3. பிள்ளைகள் கைப்பிடிச் சுவரில் வயிற்றைப் பதித்து எட்டிப் பார்ப்பார்கள். நான் குறிப்பேட்டில் ‘ஆபத்து’ என்று எழுதினேன்.
4. எல்லாப் பால்கனிகளுக்கும் கம்பி அடித்தேன்.
5. மறுநாள் பாட்டு வந்தது. ஒரு கூடையும் இறங்கவில்லை.

திருச்சியிலிருந்து இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்த கட்டடப் பொறியாளர் நான். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் வீடு கொடுக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை. இருபத்து நான்கு வீடுகள். அதில் ஒன்று எனக்கு. திருச்சியில் அப்பா, புது வீட்டில் பால் காய்ச்சும் முன்பே பால்கனிக்குக் கம்பி அடித்தவர். கம்பி இல்லாத பால்கனி எங்களுக்குப் பாதியில் நின்ற வேலை. அதனால் இங்கே குடியிருப்போர் கூட்டத்தில் கம்பி அடிக்கலாமா என்று கேட்டேன். “ஓம் மிஸ், பிள்ளையளுக்கு நல்லது” என்றார்கள். கூடையைப் பற்றி அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தினமும் செய்கிற காரியத்தை யார் கூட்டத்தில் எழுந்து சொல்வார்கள்?

நான்காம் மாடியில் என் பக்கத்து வீட்டு புஷ்பா அக்கா மட்டும் கூப்பிட்டனுப்பினார். காலில் பிளேட் வைத்த பிறகு அவரால் படி இறங்க முடியாது. தையல் கடை அனுப்பும் துணி மூட்டையைக் கூடையில் இழுத்தெடுத்து, தைத்து, அதே கூடையில் இறக்குவார். அவர் பிழைப்பே அதுதான்.

“கோழிக்கூடு நல்ல வடிவா இருக்கு மிஸ். முட்டையும் இடச் சொல்லுவியளோ?” என்று சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. “ரெண்டு நாளா மூட்டை மேல வரேல்லை. திங்கள் வரைக்கும் பாப்பினமாம். இல்லாட்டி வேற ஆளுக்குக் குடுப்பினமாம்.”

“நானே தூக்கிட்டு வந்து தர்றேன்க்கா.”

“இண்டைக்குத் தூக்குவியள். ஊருக்குப் போனாப் பிறகு?”

சனிக்கிழமை வெல்டிங்காரரைக் கூட்டி வந்தேன். கம்பியின் நடுவே ஒரு சின்னக் கதவு. தாழ்ப்பாள் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில். நான் சாக்பீஸால் குறித்த இடத்தில் அக்கா பழைய மூட்டையொன்றை வைத்துப் பார்த்தார். “இன்னும் ரெண்டு இஞ்ச் வெட்டுங்கோ. தீபாவளி மூட்டை இதைவிடக் குண்டு.”

திங்கள் காலை அவருடைய கூடைதான் முதலில் இறங்கியது. பாண்காரர் சிங்களத்தில் ஏதோ கத்தினார், கட்டடமே சிரித்தது. சிங்களம் புரியாமல் விழித்துக்கொண்டு நின்ற எனக்கு அக்கா சொன்னார்: “சிறைக்குச் சாப்பாடு வந்திட்டுதாம்.” பத்து மணிக்கு அதே கூடையில் துணி மூட்டை ஏறியது.

இன்று இருபத்து மூன்று வீடுகளில் கூடைக்கதவு இருக்கிறது. என் வீட்டில் இல்லை. ஒப்பந்தம் முடிய இன்னும் நான்கு மாதம்தானே என்று விட்டிருந்தேன். நேற்று என் பாணையும் தன் கூடையிலேயே இழுத்துக் கொடுத்த புஷ்பா அக்கா கேட்டார்: “நாலு மாசத்துக்குப் பாண் சாப்பிட மாட்டீரோ, தங்கச்சி?”

என் பால்கனிக் கம்பியிலும் அளவெடுத்துச் சாக்பீஸால் குறித்திருக்கிறேன். இன்னும் வெட்டவில்லை.