குகதாசனின் கண்ணாடி மணிக்கூடு

“நான் கண்ணாடி மாதிரி ஆள். என்ரை மணிக்கூட்டிலை ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்லை, என்னட்டையும் ஒண்டுமில்லை!”

மல்லாவியில் நடந்த சிறுகைத்தொழில் கண்காட்சியில் ஒலிவாங்கியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குகதாசன் இப்படி முழங்கினார். மிளகாய்த்தூள் அரைப்பவர்களும் பனையோலைக் கூடை பின்னுபவர்களும் பார்த்துக்கொண்டு நிற்க, கைதட்டு முழுவதையும் அவரே அள்ளிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அவருடைய முழுக்கைச் சட்டைகளுக்குப் புதிய சட்டம் ஒன்று வந்தது. வலக்கை மணிக்கட்டுவரை பொத்தான் பூட்டியிருக்கும். இடக்கை முழங்கைக்கு மேலே சுருண்டிருக்கும். கோயிலில் கும்பிடும்போதுகூட இடக்கை வலக்கையைவிட அரைச் சாண் முன்னே நிற்கும். ஐயரும் நேரம் பார்க்கட்டுமே என்ற நல்லெண்ணம்தான்.

குகதாசனுக்கு நாற்பத்தாறு வயது. மல்லாவிச் சந்தைக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறார். மணிக்கூடுகளையும் பார்ப்பார். ஊரார் உடைந்த திரைகளோடு வரிசையில் நிற்க, அவர் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியில் வட்டங்கள் கீறிக்கொண்டிருப்பார். உள்ளே பற்சில்லுகள் சுற்றுவதும் வில் சுருங்கி விரிவதும் முன்னாலும் பின்னாலும் தெரியக்கூடிய கைமணிக்கூடு ஒன்றை வன்னி மண்ணில் வடிவமைப்பது என்று அவர் தீர்மானித்து மூன்று வருடமாகிறது. உலகம் பொறுமையோடு காத்திருந்தது.

முதலாவதற்குள் வியர்வை போய் ஆவியாகி, வெளியே வெயில் கொளுத்த மணிக்கூட்டுக்குள் மட்டும் மாரிகாலம் தொடங்கியது. இரண்டாவதற்குள் எப்படியோ ஒரு எறும்பு புகுந்து பற்சில்லுகளுக்கு இடையில் இரண்டு நாள் உலாவியது. எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் செல்வராசா கோப்பையும் கையுமாக வந்து வந்து பார்த்தார். “நேரம் பிழைச்சாலும் பரவாயில்லை குகன். எறும்புக்கு வழி தெரிஞ்சிட்டுதோ எண்டு பாக்கத்தான் வாறன்.”

மனைவி விமலேஸ்வரியின் விமர்சனம் இன்னும் சுருக்கமானது. “இஞ்சருங்கோ, மணிக்கூட்டின்ரை வயித்தையெல்லாம் திறந்து ஊருக்குக் காட்டுறியள். எங்கடை அலுமாரிக் கதவு ஒரு மாசமாத் திறக்குதில்லை.”

மூன்றாவது வென்றது. தொலைபேசித் திரைக்குப் போடும் தடித்த கண்ணாடியை வட்டமாக வெட்டி இருபுறமும் பதித்தார். முகத்தட்டை எடுத்துவிட்டு, ஓரத்தில் பன்னிரண்டு புள்ளிகள் மட்டும் விட்டார். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஒரேயொரு குறை. பழைய சாமான்களோடு சாமானாகக் கொழும்பிலிருந்து வாங்கிய அந்த இயந்திரத்தில் ஆடுதகடு இல்லை. கை அசைய அசைய ஊஞ்சல்போல ஆடி வில்லை முறுக்குகின்ற அரைவட்டத் தகடு அது. அது இல்லாவிட்டால் கண்ணாடிக்குள் இருப்பது ஓடாத அழகு மட்டுமே. கண்காட்சிக்கோ நாலு நாள்தான் இருந்தது.

அப்போது மேசை லாச்சிக்குள் ஸ்ரனிஸ்லஸ் அண்ணையின் மணிக்கூடு கிடந்தது.

ஸ்ரனிஸ்லஸ் சிலாவத்தைக் கடற்றொழிலாளி. மகள் மல்லாவியில் வாழ்க்கைப்பட்டிருப்பதால் மாதம் ஒருமுறை மாங்குளத்தில் பஸ் மாறி வருவார். “உள்ளுக்கு உப்புத்தண்ணி போட்டுது தம்பி. செத்துப்போன அண்ணன் தந்தது. ஒருக்காப் பாருங்கோ” என்று கொடுத்திருந்தார். உள்ளே கொஞ்சம் துரு, மாற்றுவதற்கு ஒரு றப்பர் வளையம். இரண்டு மணித்தியால வேலை. ஆனால் குகதாசனின் மணிக்கூட்டுக்குள் இருந்த அதே யப்பான் இயந்திரம் அதற்குள்ளும் இருந்தது.

திருட்டு என்ற சொல் குகதாசனின் மனதில் வரவேயில்லை. ‘கண்காட்சி முடியும்வரைக்கும்தானே’ என்ற சொற்கள்தான் வந்தன. தகட்டின் முதுகில் யாரோ ஊசியால் சிலுவை வடிவில் கீறிய சின்னக் குருசு ஒன்று இருந்தது. முன்பு திருத்தியவன் போட்ட அடையாளம் என்று நினைத்துத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. கொப்பியில் அதற்கு நேரே ‘அலங்காரம்’ என்று எழுதிக்கொண்டார்.

கண்காட்சி முடிந்தது; கைதட்டு முடியவில்லை. ஸ்ரனிஸ்லஸ் வரும்போதெல்லாம் “சாமான் இல்லை அண்ணை, கொழும்பிலையும் இல்லையாம்” என்றார் குகதாசன். ஒவ்வொரு முறையும் ஸ்ரனிஸ்லஸ் ஒரு கட்டாக் கருவாட்டுப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். விமலேஸ்வரி அதைப் பொரித்தாள். குகதாசன் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார். இப்படி ஐந்து மாதம்.

ஆறாவது மாதம் பழக்கதோஷம் முந்திக்கொண்டது. ஸ்ரனிஸ்லஸ் கதிரையில் உட்கார்ந்ததுதான் தாமதம், குகதாசன் மணிக்கூட்டைக் கழற்றிப் பின்பக்கத்தைத் திருப்பி நீட்டிவிட்டார். நீட்டிய பிறகுதான், யாரிடம் நீட்டினோம் என்று உறைத்தது.

ஸ்ரனிஸ்லஸ் கண்ணாடியைச் சாரத் தலைப்பால் துடைத்தார். மெதுவாக ஆட்டினார். தகடு சுற்றி வந்து நின்றது.

“உந்தக் குருசு ஆர் கீறினது?”

“அது… டிசைன் அண்ணை. நான்தான்.”

“ம்.” ஸ்ரனிஸ்லஸ் இன்னொருமுறை ஆட்டினார். “எங்கடை பக்கம் கடலுக்குப் போற சாமான் எல்லாத்திலையும் குருசு கீறுவம் தம்பி. எஞ்சினிலையும் மூடிக்கு உள்பக்கம்தான் கீறுவம். ஒருத்தற்றை கண்ணிலையும் படாத இடத்திலை கிடக்கோணும். வெளியிலை கீறினா அது ஆக்களுக்குக் காட்டுறதுக்கு.”

குகதாசன் மேசையிலிருந்த சின்னத் திருகாணிகளை எண்ணத் தொடங்கினார்.

“கீழ்க்கால் கொஞ்சம் வளைஞ்சு போச்சு” என்றார் ஸ்ரனிஸ்லஸ். “வள்ளம் ஆடேக்கை கீறினா அப்பிடித்தான் வரும்.”

மணிக்கூட்டை மேசையில் வைத்தார், முகம் மேலே இருக்கும்படி. பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார். “என்ரைக்குச் சாமான் வந்திட்டுதோ?”

“வாற… வாற கிழமை வந்திடும் அண்ணை.”

“நல்லது.” கருவாட்டுப் பொட்டலத்தை வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் கத்தியிருக்கலாம். சந்தை முழுவதையும் கூட்டியிருக்கலாம். அதைத் தாங்குவதற்குக் குகதாசனிடம் பதில்கள் தயாராக இருந்தன. பொட்டலத்தை மட்டும் ஒரு விரலால் மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்தார்.

அன்று மதியம் அவர் வெறும் சொதியோடு சோற்றைப் பிசைந்தார்.

“என்ன, கருவாடு தொடேல்லை? நல்ல கட்டா” என்றாள் விமலேஸ்வரி.

“பல்லு நோகுது.”

முப்பத்திரண்டு பல்லும் திடமாக இருந்தன. அன்று மாலையே, ஐந்து மாதமாகக் கொழும்பிலும் கிடைக்காத சாமான் இரண்டு மணித்தியாலத்தில் கிடைத்துவிட்டது.

அடுத்த கிழமை ஸ்ரனிஸ்லஸ் வந்தபோது மணிக்கூடு துடைத்துத் துணியில் சுற்றித் தயாராக இருந்தது. ஒரு வசனமும் தயாராக இருந்தது. அதைக் காலையிலிருந்து பத்துத்தரம் சொல்லிப் பார்த்திருந்தார். ஸ்ரனிஸ்லஸ் மணிக்கூட்டை ஆட்டிக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். குகதாசன் வாயைத் திறந்தார். வந்தது வேறு வசனம்.

“பின்மூடியைத் திறந்து காட்டட்டோ அண்ணை? உள்ளுக்கு எல்லாம் சரியாக் கிடக்கு.”

“வேண்டாம் தம்பி” என்றார் ஸ்ரனிஸ்லஸ், கையில் கட்டிக்கொண்டே. “அதான் முந்தியே பாத்தனான்.”

இப்போதும் குகதாசன் கண்ணாடி மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டுதான் கடைக்கு வருகிறார். கட்டாமல் வந்தால் எங்கே என்று கேட்பார்கள். கட்டினாலோ, கழற்றிக் காட்டச் சொல்வார்கள்; பின்னால் ஆடுதகடு இருந்த இடத்தில் அரைவட்டமளவு வெறுமை தெரியும். முன்னால் கம்பிகள் பதினொன்று பத்திலேயே நிற்கும்.

நேற்று முற்பகல் செல்வராசா தேத்தண்ணியோடு வந்தார்.

“குகன், நேரமென்ன? மாங்குளம் பஸ் போட்டுதோ?”

குகதாசன் இடக்கையைத் தூக்கவில்லை. கழுத்தை நிமிர்த்தி, சுவரில் தொங்கிய பிளாஸ்டிக் மணிக்கூட்டைப் பார்த்து, “பத்தரை” என்றார். இடக்கைச் சட்டை மணிக்கட்டுவரை இறங்கியிருந்தது. கண்காட்சிக்குப் பிறகு பூட்டியிராத பொத்தான் ஓட்டைக்குள் சரியாகப் போயிருக்கிறதா என்று வலக்கை மேசைக்குக் கீழே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.