அழித்ததற்கு முந்தைய நொடி வரை

கோமதி காலமாகிவிட்டார் என்று அவருடைய தம்பி மயிலாப்பூரிலிருந்து தொலைபேசியில் சொன்னார். தொண்ணூறுகளில் நம் ரத்ததானச் சங்கத்தில் இருந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நம் இரண்டு கணினிகளையும் கட்டி மேய்த்தவர் அவர்தான்.

தி.நகர் அலுவலகக் கணினியில் கொடையாளர்களின் விவரம் இருந்தது. அதன் நகல் அடையாறு கிளையில். ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும். "தினமும் மொத்தத்தையும் அனுப்புவீங்களா?" என்று கோமதியிடம் ஒருமுறை கேட்டேன்.

"எதுக்கு? மொதல்ல ஒரு முழு நகலை எடுத்து ஆட்டோவுல கொண்டுபோயாச்சு. அப்புறம் இங்க எது மாறுதோ அது மட்டும், மாறின வரிசையிலேயே, டெலிபோன் லைன்ல போகும். அங்க இருக்கிற கம்ப்யூட்டரும் அதையே செஞ்சுக்கும்" என்றார்.

ஒரு மத்தியானம் தன்னார்வலர் முருகேசன், ஊரை விட்டுப் போன ஒருவரின் பெயரை நீக்கப்போய் எல்லாப் பெயர்களையும் அழித்துவிட்டார். சற்று நேரத்தில் கோபாலபுரத்து மருத்துவமனை ஒன்றிலிருந்து அழைப்பு. பிரசவமான பெண்ணுக்கு அரிய வகை ரத்தம் வேண்டும். அடையாறுக்குப் போன் செய்தேன். அங்கும் காலி. அழித்ததும் ஒரு மாற்றம்தானே, அதுவும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது.

கோமதி திட்டவில்லை. "சொன்னதை அப்படியே கேட்டிருக்கு பாருங்க!" என்று வியந்தார். பிறகு பழைய முழு நகலை ஏற்றினார். அதன்மேல், அனுப்பும்போதே சேமித்து வைத்திருந்த மாற்றங்களை முதலிலிருந்து வரிசையாக ஓடவிட்டு, அழித்த கட்டளைக்கு முன்னால் நிறுத்தினார். பெயர்கள் திரும்பி வந்தன. அந்த ரத்தம் உள்ளவர் ஒருவர்தான், சிந்தாதிரிப்பேட்டை ஆட்டோ ஓட்டுநர் தாஸ். அண்மையில் சேர்ந்தவர். பழைய நகலில் மட்டும் தேடியிருந்தால் கிடைத்திருக்க மாட்டார். நான் அழைத்ததும் அவர் வீட்டுப் பக்கத்துக் கடைப் போனுக்கு வந்தவர், "இன்னா மேடம், இப்பவேவா? வண்டி கீது, வந்துகினே இருக்கேன்" என்றார். அந்தத் தாய் பிழைத்தார்.

மறுநாள் முருகேசன், விலகிக்கொள்கிறேன் என்று சொல்ல வந்தார். கோமதி ஒரு சோதனை நகலைத் திறந்து அவரை உட்காரவைத்தார். "நேத்து செஞ்சதையே திரும்பச் செய்யுங்க சார். எந்த இடத்துல தப்பாகுதுன்னு நான் பார்க்கணும்."

முருகேசன் மறுபடி அழித்தார். கோமதி திரையை ஒட்டி உட்கார்ந்து கண் இமைக்காமல் பார்த்தார். அன்றே, மொத்தமாக அழிக்கும் முன் கணினி ஒருமுறை கேட்கும்படி மாற்றினார். இங்கே நடக்கும் தவறு உடனே அங்கேயும் போய்ச் சேராதபடி, அடையாறு நகலை அரை நாள் பின்தங்கி வரவைத்தார். முருகேசன் விலகவில்லை.

இப்போது என் பேத்தி எதையாவது உடைத்துவிட்டு முழித்துக்கொண்டு நின்றால், "எப்படி ஆச்சு, காட்டு" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். கோமதியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது.