தூணடியில் பாதி நிழல்

மாலை மேலே ஏறிக்கொண்டிருந்தது. கட்டவுட்டின் தோளுக்குப் பின்னால் சாரத்தில் உட்கார்ந்திருந்த ஆள் கயிற்றை இழுக்க, கீழே நாலைந்து பையன்கள் மாலை சுவரில் உரசாமல் கைகளால் தாங்கித் தாங்கி விட்டார்கள். செண்டுப்பூவும் சம்பங்கியும் இடையிடையே ரோஜாவும் வைத்து, முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து நான் கட்டிய மாலை. பலகை நடிகரின் கழுத்தில் அது போய் விழுந்ததும் தியேட்டர் வாசலே அண்ணாந்து கூச்சல் போட்டது. நானும் அண்ணாந்துதான் நின்றேன். கழுத்து வலித்துக் கீழே குனிந்தபோதுதான் கண்டேன், ஒருத்தி மட்டும் மேலே பார்க்கவில்லை. போர்ட்டிகோ தூணோரம் நிழலில் கூடையோடு உட்கார்ந்து, பெண்கள் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மாலை அவள் கண்ணில் படவே இல்லை. அன்றைக்கு என் வயிற்றில் எரிந்தது இன்றைக்கும் முழுசாக அணையவில்லை.

அவளை நான் எதிர்க்கூடைக்காரி என்றுதான் சொல்வேன். அல்சூர் பக்கத்தில் தமிழ்ப் படம் போடுகிற, இரண்டு அரங்கு வைத்த தியேட்டர் அது. நாங்கள் இரண்டு பேரும் அதன் வாசலில் பூ விற்றவர்கள். ஆனால் எங்கள் வியாபாரம் ஒன்றல்ல. நான் மாலைக்காரி. ரசிகர் மன்றத்தின் மாலையெல்லாம் என் கையால்தான் போகும். மன்றத் தலைவர் ஜோகுபாளையத்தில் என் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போவார். அவள் மல்லியும் கனகாம்பரமும் முழம் போட்டு விற்கிறவள். கன்னடக்காரப் பெண்கள் ‘ஒந்து மொளா’ என்று கேட்டாலும் சரி, நம்மவர்கள் ‘ஒரு முழம்’ என்று கேட்டாலும் சரி, சிரித்துக்கொண்டே கையை நீட்டி அளப்பாள். அவள் கை என் கையைவிட நீளம். அதற்கும் சேர்த்துத்தான் பெண்கள் அவளிடம் போனார்கள் என்று நான் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வாசலில் ஒரு வழக்கம் இருந்தது. பள்ளிக்கூடம் லீவு விடுகிற சமயத்தில், சித்திரைக்கு வரப்போகிற படங்களின் போஸ்டர்கள் சுவரில் ஏறியதும், சைக்கிள் ஸ்டாண்டு அண்ணன் எல்லாரையும் கூட்டி, இந்த லீவுக்கு எந்தப் படம் நிற்கும் என்று கேட்பார். டீக்கடைக்காரர், வேர்க்கடலைக்காரர், மன்றத்துப் பையன்கள், நாங்கள் என்று ஆளுக்கொரு படம் சொல்லவேண்டும். பந்தயத்தில் பணம் கிடையாது. பூக்கூடைக்காரிகள் எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் ஒரு பரிசு இருந்தது, தூணடி. பெண்கள் டிக்கெட் கதவை ஒட்டி, மேலே சிமெண்டுக் கூரையோடு இருந்த இடம். அங்கே ஒரு கூடைக்குத்தான் மேனேஜர் சம்மதித்திருந்தார். யார் சொன்ன படம் அதிக நாள் ஓடுகிறதோ அவளுக்கு அடுத்த லீவு வரைக்கும் அந்த இடம். மற்றவள் எதிரே காம்பவுண்டுச் சுவரோரம் வெயிலில் உட்காரவேண்டும். சாயங்காலம் திடீரென்று கொட்டுகிற கோடை மழையில் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு, பூவைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். ஓடினவள் எப்போதும் நான்தான்.

நான் கணக்கில்லாமல் சொல்கிறவள் அல்ல. எந்தப் படத்துக்கு எவ்வளவு பெரிய மாலை, எத்தனை கட்டவுட்டு, பாலாபிஷேகம் உண்டா இல்லையா, எல்லாம் எனக்கு முன்கூட்டியே தெரியும். நான் ரெண்டாம் வகுப்போடு நின்றவள், போஸ்டரைப் பார்த்துத்தான் எழுத்துக்கூட்டப் பழகினேன். அதனால் யார் பெயர் எவ்வளவு பெரிதாக அச்சாகியிருக்கிறது என்பதும் என் கண்ணுக்குத் தப்பாது. இவ்வளவும் வைத்து ஒரு படத்தைச் சொல்வேன். முதல் வாரம் ஜனம் முட்டும். சைக்கிள் ஸ்டாண்டில் இடம் இருக்காது. நான் தூணையே பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டாவது வாரம் படம் படுத்துவிடும். அவள் சொன்ன படம், ஒரு மாலைகூட விழாத படம், ஆடி மாதம் வரைக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு தடவை கேட்டே விட்டேன், இவ்வளவு பெரிய மாலை விழுந்த படம் எப்படிம்மா படுத்தது என்று. அவள் நாரைப் பல்லில் கடித்துக்கொண்டே சொன்னாள்:

“கட்டவுட்டு ரெண்டாவது வாரம் டிக்கெட்டு எடுக்காதுக்கா.”

குத்திச் சொன்னாளா, சும்மா சொன்னாளா தெரியாது. அவள் முகத்தில் எதுவும் எழுதியிருக்காது. அதுதான் எனக்கு ஆகாது. திமிராகப் பேசியிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பேன். மன்றத் தலைவர்கூட, என்னிடம் மாலைக்குச் சொல்லிவிட்டு, அப்படியே தூணடிக்குப் போய்க் குனிந்து, “நம்ம படம் எப்படிம்மா?” என்று அவளிடம்தான் கேட்பார். என் மாலைக்கு மேலே அவள் வாக்கு. அந்தக் குனிவு என் பக்கம் ஒரு நாளும் வந்ததில்லை.

அதனால் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். வருகிற பெண்களிடம் அவள் படத்தைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. ஊருக்கு எப்போ போறீங்க என்று மட்டும் கேட்பாள். லீவு விட்டால் எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேர் பிள்ளைகளோடு ஆம்பூர், ஆரணி, திருப்பத்தூர் என்று அம்மா வீட்டுக்குப் போய்விடுவார்கள்; பள்ளிக்கூடம் திறக்கத்தான் திரும்புவார்கள். பூக்காரி குசலம் விசாரிக்கிறாள் என்றுதான் நானும் இருந்தேன். ஒரு வருஷம் என் கூடைக்கு வழிதவறி வந்த ஒருத்திக்கு மல்லியை அளந்துகொண்டிருந்தேன். வாங்க வந்தவள் பக்கத்தில் நின்றவளிடம் ஒரு போஸ்டரைக் காட்டி, “இத ஊருக்குப் போறதுக்குள்ள பாத்துடணும்” என்றாள். பெரிய நடிகரின் படத்துக்கு, “அது எங்க போவுது, வந்து பாத்துக்கலாம்” என்றாள். என் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அன்றைக்கே வேறொருத்தியும் அதையே சொன்னாள். மறுநாள் மார்க்கெட்டுக்குப் போகிற பஸ்ஸிலும் அதே பேச்சு. ஊரிலிருந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட படத்தை அப்புறம் யார் பார்த்தார்கள்? போவதற்குள் பார்க்கிற படத்தைப் பற்றித்தான் ஊரெல்லாம் போய்ப் பேசுவார்கள். வந்தபின் அத்தையையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு இன்னொரு தடவை வருவார்கள். ஊருக்கு எப்போ போறீங்க என்று அவள் விசாரித்ததெல்லாம் இந்தப் பதிலுக்குத்தான். இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. இவ்வளவையும் வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் நிழலில் உட்கார்ந்திருந்தாள்!

அந்த வருஷம் பெரிய நடிகரின் படத்துக்கு நான் கட்டியதுதான் முதலில் சொன்ன அந்த மாலை. அதை இன்னும் கட்ட ஆரம்பிக்கவில்லை; மாலைக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள், படம் வரச் சில நாள் இருந்தது. சைக்கிள் ஸ்டாண்டு அண்ணன் கூட்டம் போட்டார். மற்ற வருஷம் எல்லாரும் சொன்ன பிறகு வாய் திறக்கிற நான் அன்றைக்கு முதல் ஆளாக எழுந்து, அந்தப் பெண்கள் பேசிக்கொண்ட, அக்கா தங்கை கதையாக வரவிருந்த சின்னப் படத்தைச் சொன்னேன். மன்றத்துப் பையன்கள் ஓவென்று சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

“எங்க மாலையக் கட்டிக்கினே வேற படத்துக்குச் சொல்றியேம்மா. அப்ப மாலைய வேற எங்கியாவது கட்டிக்கலாமா?”

மன்றத்து மாலை போனால் என் வியாபாரத்தில் முக்கால்வாசி போயிற்று. ஆனாலும் எத்தனையோ வருஷம் தப்பாகச் சொல்லி, கடைசியில் சரியாகத் தெரிந்த ஒன்றை வாயில் வந்தபிறகு விழுங்குவதா? “மாலை வேற, படம் வேற தலைவரே. மாலையில குறை இருந்தா சொல்லுங்க” என்றேன். அவர் முகம் சிவந்தது. அந்த நேரத்தில் சைக்கிள் ஸ்டாண்டு அண்ணன் பேச்சை மாற்றுவதற்காகத் தூணடிப் பக்கம் திரும்பி, நீ என்னம்மா சொல்றே என்றார். அவள் பூவை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“அக்கா சொன்னதுதான்.”

அவ்வளவுதான், தலைவரின் கோபம் இறங்கிவிட்டது. அவள் சொல்லிவிட்டாளே! இந்த வருஷம் நமக்கு ராசியில்லை போல என்று முனகிக்கொண்டு போனார். மாலையை என்னிடமிருந்து எடுக்கவும் இல்லை. சின்னப் படம் ஓடியது. மாலை விழுந்த படத்தை மூன்றாவது வாரம் எடுத்துவிட்டார்கள். ‘ஆய்த்து, ரெண்டு பேருக்கும் தூண்தான்’ என்று சைக்கிள் ஸ்டாண்டு அண்ணன் தீர்ப்புச் சொல்லி, மேனேஜரிடமும் பேசி, இரண்டு கூடைக்கு இடம் வாங்கினார். அவள் நகர்ந்து உட்கார்ந்து, கோணியை எனக்கும் சேர்த்து விரித்தாள்.

அந்த நிழலில் நான் எத்தனை நாள் உட்கார்ந்தேன் என்கிறீர்கள்? ஒரு வாரம் இருக்கும். பக்கத்தில் இருந்துகொண்டே அவள் கூடை காலியாவதைப் பார்க்கவேண்டியிருந்தது. டீக்கடைக்காரர், ‘அக்காவும் கூட இருந்து கத்துக்கினாங்க’ என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அதைவிட ஒரு முள் உள்ளே இருந்தது. அவள் நிஜமாகவே அந்தப் படத்தைத்தான் நினைத்திருந்தாளா? இல்லை, தலைவரிடம் நான் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பாவம் என்று என் வாக்குக்குக் கை கொடுத்தாளா? கேட்டால் அவள் சிரிப்பாள், பதில் வராது. பிச்சையாக விழுந்த நிழல் எனக்கு எதற்கு? ஒரு நாள் காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு பழையபடி காம்பவுண்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டேன். “ஏன்க்கா?” என்று கேட்டாள். மாலை கட்ட இடம் பத்தவில்லை என்று சொன்னேன். தியேட்டரை மூடுகிற வரைக்கும் வெயிலில்தான் இருந்தேன்.

இப்போது அந்த இடத்தில் கண்ணாடி வைத்த கட்டடம் நிற்கிறது. அவள் மகனோடு பொம்மனஹள்ளிக்குப் போய்விட்டாள். ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது அவள் மகன் போன் நம்பர் கொடுத்தான். வாங்கி வைத்தேன், கூப்பிட்டதில்லை.

இந்த வருஷம் லீவுக்கு முன்னால் என் மருமகள் வீட்டில் ஒரே பட்டிமன்றம். அவள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறாள். ஆபீசில் எந்தப் படம் கலெக்‌ஷனில் ஜெயிக்கும் என்று பந்தயமாம். ஒன்று பெரிய சண்டைப் படம், ஒன்று குடும்பப் படம். பெண்கள் கூட்டம் வரும், குடும்பப் படம்தான் என்று ஆபீசில் எல்லாரும் சொல்கிறார்களாம். என் காது சும்மா இருக்குமா? அவளுடைய சிநேகிதிகள் போனில் பேசுவது கேட்டது. கோயம்புத்தூர் பஸ் ஏறுவதற்கு முன்னால் சண்டைப் படத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறார்கள். குடும்பப் படத்துக்கு, அது எப்படியும் போனில் வந்துடும், வந்து பாத்துக்கலாம் என்கிறார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த அந்த நிமிஷமே, பொம்மனஹள்ளியில் அவள் என்ன சொல்வாள் என்ற நினைப்பு வந்துவிட்டது. இரண்டு நாள் அடக்கிப் பார்த்தேன். மூன்றாம் நாள் மருமகளை நம்பர் போட்டுத் தரச் சொன்னேன்.

குரல் கொஞ்சம் நடுங்கியது, மற்றபடி அவளேதான். கால் வலி, சுகர், பேரப்பிள்ளைகள் எல்லாம் பேசி முடித்தோம். அப்புறம் அவளே கேட்டாள், லீவுப் படம் வருதே, நீங்க எந்தப் படம்க்கா சொல்றீங்க என்று. நான் வேண்டுமென்றே குடும்பப் படத்தின் பெயரைச் சொன்னேன். சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அக்கா சொன்னதுதான் என்று வந்துவிட்டால், அன்றைக்கு எனக்குக் கிடைத்ததும் பிச்சைதான்.

“இல்லக்கா,” என்றாள். “அது வேணாம். கீழ்வீட்டுப் பொண்ணுங்க எல்லாம் அந்தச் சண்டைப் படத்தத்தான் ஊருக்குப் போறதுக்குள்ள பாக்கணும்னு குதிக்கிதுங்க. நீங்க எப்படிக்கா இதுல தப்பு பண்றீங்க? நீங்கதான் அந்த வருஷம் கரெக்டா சொன்ன ஆளாச்சே.”

நான் போனை மருமகளிடம் கொடுத்துவிட்டேன். முகத்துக்காக ஒத்து ஊதுகிறவள் அல்ல அவள். அன்றைக்கும் ஊதவில்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் பொம்மனஹள்ளியில் கால் வலியோடு உட்கார்ந்த இடத்திலேயே அதே பேச்சு அவள் காதுக்கும் போய்ச் சேருகிறதே என்று உள்ளே எரியத்தான் செய்தது. நான் வேண்டுமென்றேதான் மாற்றிச் சொன்னேன் என்று அவளிடம் சொல்லவும் இல்லை. இப்போது அவள் என்னைத் தப்பாகச் சொன்னவள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருப்பாள்! அதுவும் சேர்ந்து எரிகிறது. மருமகளுக்கு மட்டும் சரியான படத்தைச் சொன்னேன். பந்தயத்தில் ஜெயித்து, எங்க அத்தை சொன்னாங்க என்று ஆபீசெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அதற்கு முன்னால், படம் வந்த அன்று மருமகள் தன் போனில் ஒரு வீடியோ காட்டினாள். ஏதோ ஒரு தியேட்டர் வாசலில் கட்டவுட்டுக்குக் கிரேன் வைத்து மாலை போடுகிறார்கள். எல்லாரும் அண்ணாந்து பார்த்தபடி போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். “மாலை எப்படி அத்தே?” என்றாள். கட்டு தளர்வு, சம்பங்கி பழசு என்றேன். மறுபடி போடச் சொன்னேன். இந்தத் தடவை நான் மாலையைப் பார்க்கவில்லை. கீழே ஓரத்தில் நின்ற பெண்களைப் பார்த்தேன். அந்தப் பெண்களுக்குப் பின்னால் ஒரு தூண் நின்றது, அதன் அடியில் இரண்டு கூடைக்குத் தாராளமாகப் போதும்படி நிழல் விழுந்திருந்தது.

பாதி நிழல் எனக்கும் உரிமைதான் என்று தெரியாமல் அத்தனை வருஷம் வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன். இருக்கட்டும். அந்தச் சின்னப் படத்தை முதலில் சொன்னவள் நான்.