கல் தைக்கிற டீச்சர்

வளைந்த ஊசியைப் பல்லில் கடித்தபடி, தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கல்லின் அடிவயிற்றைப் பிரிக்கிறார் சோபா டீச்சர். நூல் பிரியப் பிரிய உள்ளேயிருந்து மஞ்சள் ஸ்பாஞ்சு பிதுங்குகிறது. அதற்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி ஒரு துணிப்பையை வெளியே இழுக்கிறார். பை நிறைய மணல். "இவனுக்குக் காய்ச்சலாம், இன்னிக்கு வர மாட்டான்" என்று அதைச் சுவரோரம் வைக்கிறார். மறுபடி துழாவி இன்னொரு பை. "இவ அத்தை வீட்டுக்குப் போயிருக்கா." பிறகு மறுபடி தைக்க ஆரம்பிக்கிறார்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களில், ஞாயிறுதோறும் ஆலயத்தின் பின்னறையில் நடக்கிற வேலை இது. மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அங்கேதான் வகுப்பு. பக்கத்துப் பெரிய கூடத்தில் பெரியவர்கள் பாட்டுப் பாடி, ஜெபம் செய்து, பிரசங்கம் கேட்டு, சிலர் அரைத் தூக்கம் தூங்கி எழுந்து போவார்கள். பின்னறையில் யாரும் தூங்கியதாகச் சரித்திரம் இல்லை.

'சோபா' என்பது அவர் பெயர் அல்ல, பிழைப்பு. கிழிந்த சோபா, அமுங்கிப்போன மெத்தை, ஸ்பிரிங் துருத்திய நாற்காலி எல்லாவற்றுக்கும் புதுத் துணி போட்டு உயிர் கொடுக்கிற பட்டறையில் அவரும் கணவரும் வாரம் முழுவதும் வேலை செய்கிறார்கள். எந்நேரமும் வாயில் ஊசியோ ஆணியோ இருந்து பழகியதில், ஒன்றுமே இல்லாதபோதும் டீச்சர் வாயின் இடது ஓரத்தால்தான் பேசுவார். வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது தொற்றிக்கொண்டது. என் தங்கை மகள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்கிறபோதும் வாயைக் கோணிக்கொள்கிறாள். தங்கை என்னை முறைக்கிறாள், ஏதோ நான் சொல்லிக்கொடுத்த மாதிரி. டீச்சர் வீட்டுச் சோபாவில் மட்டும் எவரும் நிம்மதியாக உட்கார முடியாது. "ஊர்ல உள்ள சோபா எல்லாம் தைச்சாச்சு, நம்ம வீட்டுது கிழிஞ்சு தொங்குது. இவ என்னடான்னா கல்லுக்கு உறை தைக்கிறா" என்று கணவர் வருகிறவர்களிடமெல்லாம் முறையிடுவார். கல்லுக்கான சாம்பல்நிற ரெக்ஸினை வெட்டிக் கொடுப்பதும் அவர்தான்.

இயேசுவின் கல்லறை வாசலை அடைத்திருந்த கல் அது. பட்டறையில் மிஞ்சுகிற ஸ்பாஞ்சுத் துண்டுகளை அந்தப் பின்னறையிலேயே உட்கார்ந்து சுற்றிச் சுற்றித் தைத்து, வருஷத்துக்கு ஒரு சுற்றாக வளர்த்திருக்கிறார். இப்போது பிள்ளைகளின் தலைக்கு மேல் நிற்கிறது. ஒரு பக்கம் மட்டும் தட்டை. மணல் பைகள் அந்தத் தட்டைப் பக்கத்தில்தான் போகும். அதனால் லேசாகத் தள்ளினால் ஆடிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு பிள்ளைக்கு ஒரு பை. வகுப்பில் சேருகிற அன்றைக்கு, வாசலில் இருக்கிற மணல் தொட்டியில் அந்தப் பிள்ளையே தன் பையை நிரப்பிக்கொண்டு வர வேண்டும். அதுதான் அட்மிஷன். பிள்ளை வராத நாளில் அதன் பை வெளியே வந்துவிடும். ஆக, அன்றைக்கு வந்திருக்கிற எல்லாரும் சேர்ந்து தள்ளினால்தான் கல் புரளும். ஒரு ஆள் சும்மா நின்றாலும் நகராது.

"இப்படி வாரா வாரம் பிரித்துத் தைக்கிறீர்களே, ஒரு ஜிப் வைத்துவிட்டால் என்ன?" என்று கேட்டேன்.

"ஜிப் வச்சா போற வர்றவங்க எல்லாம் திறந்து பாப்பாங்க. இது என் பிள்ளைங்க விவகாரம்."

பாடம் ஆரம்பித்தால் பார்வையாளர் என்று ஒருவர் இருக்கக் கூடாது. இரண்டு பேர், இயேசுவின் உடலுக்குப் பூச வருகிற பெண்களாக, காலி டப்பாவில் வாசனைத் தைலம் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் நடந்து வருவார்கள். மற்றவர்கள் இருட்டு, பனி, தூங்குகிற காவல்காரர், கூவுகிற பறவை. "இயேசுவாக யார்?" என்று, தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு போன முதல் நாள் நான் கேட்டபோது டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உள்ள ஆள் இல்லங்க. அதுதானே கதையே."

பெண்கள் இருவரும் கல்லருகே வந்து திகைத்து நின்றதும் இருட்டு, பனி, பறவை எல்லாரும் ஓடி வந்து தோள் கொடுப்பார்கள். கல் ஆடும், அமரும். "யாரு தள்ளல?" என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக் கத்துவார்கள். எப்போதும் ஒருத்தர் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்பார். டீச்சர் மட்டும் கல்லில் விரலைக்கூட வைக்க மாட்டார். "நான் தொட்டா அது என் கல்லு ஆயிடும்" என்பார். கல் புரண்டதும் அதன் பின்னால் மேசைக்கடியில் ஒரு மடித்த வெள்ளைத் துணி மட்டும் இருக்கும். அப்புறம் ஓட்டம்தான், பெரியவர்களுக்குச் செய்தி சொல்ல. அதற்கும் பயிற்சி உண்டு.

"போய்ச் சொன்னா மொதல்ல யாரும் நம்ப மாட்டாங்க. நம்பலைன்னா என்ன செய்வீங்க?"

"இன்னும் சத்தமா சொல்லுவோம்!"

அந்த முதல் நாளில், தங்கை மகள் திணறுவதைப் பார்த்து நானும் கல்லில் கை வைத்துத் தொலைத்தேன். வகுப்பு முடிந்ததும் டீச்சர் கைப்பையைத் துழாவி ஒரு காலித் துணிப்பையை என் முன் நீட்டினார். "கூடச் சேர்ந்து தள்ளினீங்கல்ல? போய் மண்ணு அள்ளிட்டு வாங்க." பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்றிலிருந்து அந்தக் கல்லுக்குள் என் பையும் இருக்கிறது. சொல்ல வெட்கமாக இருந்தாலும், எனக்கு அதில் பெருமைதான்.

போன வருஷ ஈஸ்டரில் இந்தச் செய்திக்காரர்கள் கூடத்துக்குள் பாய்ந்தபோது அங்கே எல்லோரும் கண்மூடி ஜெபத்தில் இருந்தார்கள். பூ ஜாடி உருண்டது. வயதான ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சபைச் செயலாளர் அதை மறக்கவில்லை. அவரை வில்லன் என்று எண்ணிவிடாதீர்கள். சனிக்கிழமைதோறும் தனியாளாக வந்து அத்தனை பெஞ்சையும் துடைக்கிறவர், ஆலயம் பளிச்சென்று, அமைதியாக இருக்க வேண்டும் என்பதில் உயிரையே வைத்திருக்கிறவர். இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டீச்சரைக் கூப்பிட்டுவிட்டார். நான் நாற்காலி அடுக்குகிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன்.

"சிஸ்டர், இது ஆலயம். விளையாட்டு மைதானம் இல்ல. பிள்ளைங்க வெள்ளைச் சட்டை போட்டு வரிசையா நின்னு, வசனத்தை அழகா ஒப்பிச்சிட்டுப் போகட்டும். பெத்தவங்களும் பாத்து சந்தோஷப்படுவாங்க."

"அதுக்கு ஸ்கூல்ல ஆண்டு விழா நடத்தறாங்களே, ஐயா."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, வேதத்துல கல்லைப் புரட்டினது யாரு? தூதன். நீங்க பிள்ளைங்களைப் புரட்ட வைக்கிறீங்க. அதுவே தப்பான பாடம் இல்லையா?"

"தூதர்தான் புரட்டினாரு. நான் இல்லைன்னு சொல்லல." டீச்சரின் வாய் இடது ஓரத்துக்குப் போனது. "ஆனா அந்தக் கல்லு என்ன கனம்னே தெரியாத பிள்ளைக்கு, அது விலகினா என்ன, விலகாட்டி என்ன? ஒப்பிச்சா வாய்க்குத்தான் தெரியும். தோளுக்கும் தெரியணும்னு நான் நினைக்கிறேன்."

"கமிட்டி முடிவு பண்ணியாச்சு. இந்த வருஷம் வசனம் மட்டும்தான். மீறினா அடுத்த வாரத்துல இருந்து வகுப்பை வேற ஒருத்தர் பாத்துக்குவாங்க. அந்த மூட்டையையும் அப்புறப்படுத்திடுங்க."

"மூட்டை இல்லைங்க. கல்லு."

அவ்வளவுதான் சொன்னார். வாசலில் செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு, கழற்றி மறுபடி மாட்டினார். கோபமா, பயமா என்று கேட்டேன். "ரெண்டும்தான். அந்தப் பிள்ளைங்க இல்லாத ஞாயித்துக்கிழமையை வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?" என்றார். பேசாமல் வசனத்தையே சொல்லிக்கொடுத்துவிடலாமே என்றேன். முறைத்தார். "வசனம் அவங்களுக்கு எப்பவோ தெரியுமே. நான் சொல்லிக் குடுக்காமலா இருப்பேன்? நின்னுக்கிட்டுச் சொல்ல மாட்டாங்க. தள்ளிக்கிட்டுத்தான் சொல்லுவாங்க."

சனிக்கிழமை சாயங்காலம் வந்து எல்லாப் பையையும் உள்ளே வைத்துத் தைத்துவிட்டுப் போனார். ஈஸ்டருக்கு எந்தப் பிள்ளையும் வராமல் இருக்காது.

ஈஸ்டர் காலையில் நாங்கள் போனபோது கல் அதன் இடத்தில் இல்லை. பின்னறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருக்கிற கதவு நிலையில், தொண்டையில் சிக்கிய உருண்டை மாதிரி மாட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் வேர்த்து விறுவிறுத்துப்போய்ச் செயலாளர். மூட்டையைக் கூடத்து வழியாகத் தானே அப்புறப்படுத்திவிடலாம் என்று சீக்கிரமே வந்து, தனியாளாகக் கதவு வரை எப்படியோ புரட்டிவிட்டார். அந்தக் கல் உள்ளேயே வளர்ந்தது, ஒரு நாளும் எந்த வாசலையும் தாண்டியதில்லை என்பது அவருக்குத் தெரியாது. ஸ்பாஞ்சு நிலையின் இரண்டு பக்கமும் பிதுங்கிக் கவ்விக்கொண்டது. டீச்சர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

"சிஸ்டர், சீக்கிரம் தையலைப் பிரிச்சு மண்ணை எடுங்க. பாட்டு முடியப்போகுது."

"பிள்ளைங்க எல்லாரும் வந்தாச்சு. இனி அவங்க புரட்டறதுக்கு முன்னாடி நான் பிரிக்க மாட்டேங்க."

"சரி, அது கிடக்கட்டும். முற்றத்து வழியா சுத்திக் கூட்டிட்டு வாங்க. முன்வாசல் திறந்துதானே இருக்கு?"

டீச்சர் பிள்ளைகளைப் பார்த்தார். அத்தனை பேரும் வெள்ளைச் சட்டையில், தலை வாரி, கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "கல்லறைக்கு ஏதுங்க இன்னொரு வாசல்?" என்றார். குரல் உயரவில்லை. ஆனால் அடுத்த வாரம் வகுப்பு போய்விடும் என்பது தெரிந்தேதான் அவர் அதைச் சொன்னார்.

டப்பா ஏந்திய இரண்டு பெண்களும் நடந்து வந்தார்கள். இருட்டு, பனி, பறவை, நான், எல்லாரும் தோள் கொடுத்தோம். கல் முனகக்கூட இல்லை. மறுபடி தள்ளினோம். கூடத்தில் பாட்டு நின்றுவிட்டது. "இப்போது பிள்ளைகள் வசனம் சொல்வார்கள்" என்று போதகரின் குரல் கல்லுக்கு அந்தப் பக்கம் கேட்டது. அப்புறம் அமைதி.

"யாரு தள்ளல?" என்று வகுப்பே கத்தியது. ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூக்கைத் துடைக்கிறவர்கூட அன்றைக்கு மும்முரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். அப்போது என் தங்கை மகள் வாயை இடது பக்கம் கோணிக்கொண்டு திரும்பினாள்.

"தாத்தா, நீங்கதான் தள்ளல."

எல்லாப் பிள்ளைகளும் செயலாளரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். கூடத்தில் யாரோ இருமினார்கள். "என்ன கஷ்டம்டா இது" என்று முணுமுணுத்தபடி மனிதர் சட்டைக் கையை மடித்து, கண்ணாடியைப் பையில் போட்டு, பிள்ளைகளுக்கு நடுவே குனிந்து தோளை வைத்தார். வசனத்தைச் சொல்லிக்கொண்டே தள்ளினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அவரும் சொன்னார்.

நிலை கிறீச்சிட்டது. கல் பிதுங்கிக்கொண்டு கூடத்துக்குள் விழுந்து, புரண்டு, முதல் பெஞ்சில் மோதி நின்றது. பூ ஜாடி இந்த வருஷமும் தப்பவில்லை. பிள்ளைகள் கல்லைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். "அவரு அங்க இல்ல! எழுந்துட்டாரு!" முன்வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நம்பாதவர்களை என்ன செய்வது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். இன்னும் சத்தமாகச் சொன்னார்கள். மூன்றாம் தடவைக்கு யாரும் சிரிக்கவில்லை. கடைசிப் பெஞ்சில் ஒரு அம்மா எழுந்து நின்றார், அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். நான் அழுதேன். ஸ்பாஞ்சுத் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறேன்.

கூட்டம் கலைந்த பிறகு கல் நட்டநடுக் கூடத்தில் கிடந்தது. அதன் பக்கத்தில், பளபளவென்று துடைத்த தரையில், டீச்சர் சப்பணம் போட்டு உட்கார்ந்து அடிவயிற்றைப் பிரிக்க ஆரம்பித்தார். செயலாளர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டையில் ஒரு பொத்தான் காணவில்லை, தோளெல்லாம் சாம்பல்நிறத் தூசி.

"நடந்தது நடந்துபோச்சு, சிஸ்டர். ஆனா கமிட்டி முடிவு முடிவுதான். அடுத்த வாரத்தைப் பத்தி நாம பேசியாகணும்."

டீச்சர் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டார். கைப்பையைத் துழாவி, பிள்ளைகளுடையதைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தைத்த ஒரு காலித் துணிப்பையை எடுத்து, அவர் முன்னால் நீட்டினார். செயலாளர் பேச்சை நிறுத்தவில்லை. நீட்டிய கை அப்படியே இருந்தது.