நாலு வரி மச்சினி

பூஜ்யம் என்ற எண்ணைக் கண்டாலே எனக்குப் பல வருடமாக ஆகாது. நான் பழக் கிடங்கில் குளிர்சாதன மெக்கானிக்காக இருந்தபோது, சுவரில் இருந்த கண்ட்ரோல் பெட்டி பூஜ்யம் காட்டியது. பழ அறைக்குப் பூஜ்யம் டிகிரிதான் சரியான குளிர். கம்ப்ரஸர் சத்தமில்லாமல் கிடந்தது. குளிர் போதுமென்று ஓய்வெடுக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். விடுமுறை நாளில் அறைக் கதவைத் திறக்கக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். விடுமுறை முடிந்து திறந்தபோது அடித்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. குளிரை அளக்கும் சென்சாரின் வயர் அறுந்து தொங்கியது. நான் முறுக்கிவிட்டதும் பெட்டியில் எண் குபுகுபுவென்று ஏறியது. அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். "வயர் அறுந்தா பெட்டி அணைஞ்சு போகும், நம்பர் எப்படிடா காட்டும்? தூங்கிட்டு கதையா சொல்றே?" என்று கேட்டு முதலாளி என்னை வெளியே அனுப்பினார். முதலாளியை விடுங்கள், அவர் யாரோ. என் மனைவியும் அதையே நம்பினாள். இன்றைக்கும் சண்டை முற்றினால், "அன்னைக்குக் கொஞ்சம் முழிச்சிருந்தா..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்துவாள். அந்தப் பாதிதான் சுடும்.

பிற்பாடு கிடங்கில் புதுப்பெட்டி மாட்டியபோது, பழையதைக் கழற்றியவரிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். வயரை உருவிக் காட்டி வாயை அடைக்கலாம் என்பது என் கணக்கு. பெட்டி உயிரோடு வரவில்லை. எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தும் கண் விழிக்கவில்லை. எதிரியின் தலையை மாட்டி வைத்தது போல பிறகு நான் போட்ட ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பட்டறைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டி வைத்தேன்.

முன்னால் பட்டறை, பின்னால் வீடு, மாடியில் மச்சினி. இருக்கிற இடத்திலிருந்தே வேலை பார்த்தால் போதும் என்று கம்பெனி சொன்னதும் அக்கா வீட்டு மாடிக்குக் குடிவந்துவிட்டாள். நாற்பதைத் தாண்டியவள். கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு, அதே பென்சிலை வீடெல்லாம் தேடுவாள். சாப்பிடும் நேரம் பார்த்து, மடிக்கணினியைத் தாம்பாளம் போல ஒரு கையில் ஏந்திக்கொண்டு படியிறங்கி வருவாள். "மாமா, இதைப் படிங்க. என்ன புரியுது?"

அவள் வேலை என்ன என்று ஒருமுறை கேட்டேன். "கம்ப்யூட்டருக்கு வேலை சொல்றதுக்குன்னு ஒரு மொழி இருக்கு. ஜனங்க அதுல எழுதுவாங்க. அதைக் கம்பைலர்னு ஒண்ணு படிச்சுப் பார்த்து, மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்கும். எழுதினதுல தப்பு இருந்தா நின்னு சொல்லும். அது என்ன சொல்லணுங்கறது என் பொறுப்பு."

"அப்ப, திட்டறதுக்குச் சம்பளம்."

"திட்டாம இருக்கறதுக்கு."

இன்னொரு பொறுப்பும் உண்டு. அந்த மொழியோடு ஒரு கருவிப்பெட்டியும் சேர்ந்து வருகிறது, லைப்ரரி என்பாள். எழுத்தை எண்ணாக்க ஒரு கருவி, தேதி கணக்குப் பார்க்க ஒரு கருவி என்று எல்லாம் ரெடிமேட். ஊர் உலகத்தில் அந்த மொழியில் எழுதுகிறவர்கள் எல்லாரும் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறார்கள். எதையும் உள்ளே போடுவது சுலபம், வெளியே எடுப்பது கஷ்டம். "வெளிய விட்டுட்டா கல்யாணம் பண்ண மாதிரி மாமா. நம்பி ஆயிரம் பேர் வந்து உக்காந்துடுவாங்க" என்பாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள் சொல்கிற உவமை.

எழுதும் ஒவ்வொரு மெசேஜுக்கும் நாலு வரிதான் இடம் கொடுப்பாள். எது தடுக்கிறது, எங்கே தடுக்கிறது, ஏன், இனி என்ன செய்யலாம். ஐந்தாவது வரி வந்தால் படிப்பவன் ஓடிவிடுவான் என்பது அவள் கட்சி. இந்தப் புத்தி கணினியோடு நிற்பதில்லை. பல் டாக்டர் கட்டடத்து லிஃப்டில் 'பழுது' என்று தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு, வாட்ச்மேனிடம் கால் மணி நேரம் விசாரித்து, 'இரண்டாம் மாடிக் கதவு சரியாக மூடவில்லை. அழுத்தி மூடினால் ஓடும்' என்று அதன் கீழே எழுதிவிட்டு வந்தாள். பல்வலிக்காரி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே எழுதினாள். வீட்டில் யாரும் பொத்தாம்பொதுவாகப் பேச முடியாது. "சாப்பாடு ஏதோ மாதிரி இருக்கு" என்று அக்கா சொன்னால், "எது மாதிரி? உப்பா, காரமா?" என்பாள். "உன் வாய் மாதிரி" என்பாள் என் மனைவி.

என்னை ஏன் பிடித்தாள் என்றால், எனக்குப் பள்ளிப் படிப்பு கொஞ்சம், பொறுமை அதைவிடக் கொஞ்சம். ஒருநாள் காட்டிய மெசேஜில், 'எதிர்பார்த்த வகை வேறு, கிடைத்த வகை வேறு' என்று இருந்தது.

"யார் எதிர்பார்த்தது?" என்றேன்.

"கம்பைலர்."

"அது எதிர்பார்த்ததுக்கு நான் என்ன பண்ணட்டும்? பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்குது."

சிரிக்கவில்லை. கொண்டைப் பென்சிலை உருவிக் கடித்தாள். "கை எங்க போகுதுன்னு சொல்லுங்க. படிச்சதும் எதைச் சரி பண்ணத் தோணுது?"

"எதையும் பண்ணத் தோணல. கடையைச் சாத்தத் தோணுது."

போய் முழுவதையும் அழித்துவிட்டு எழுதினாள். இதில் என் பெருமை ஒன்றும் இல்லை. சட்டை தைக்கிறவர் மரப் பொம்மைக்குப் போட்டுப் பார்ப்பது போல எனக்குப் போட்டுப் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

இந்த வருடம் ஆரம்பத்திலிருந்தே அவள் முகம் சரியில்லை. படியில் இறங்கும்போதே ஏதோ முணுமுணுப்பாள். சாப்பிட்ட தட்டை மறுபடி எடுத்துச் சாப்பிட உட்காருவாள். என்ன என்று கேட்டால், கருவிப்பெட்டியில் ஒன்றை மாற்றப் போகிறேன் என்றாள். மாற்றினால் பழைய புரோகிராம்கள் பல, அடுத்த முறை கம்பைலரிடம் போகும்போது நின்றுவிடும். சோதனைக்கு வெளியே விட்டதற்கே வசவு குவிந்துகொண்டிருந்தது. அவற்றைச் செய்தி வாசிப்பது போல உணர்ச்சியில்லாமல் எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். "'ஓடிக்கிட்டிருந்ததை ஒடச்சிட்டு உபதேசம் வேறயா.' 'இந்த அம்மாவுக்கு வேலை இல்லையா.' 'மெசேஜ் நல்லாப் புரியுது, அதனாலதான் கோவம் வருது.'" கடைசி வசவை மட்டும் இரண்டு முறை வாசித்தாள்.

மாற்றம் நிற்குமா போகுமா என்று முடிவு செய்வது ஆறு பேர் கொண்ட ஒரு குழு. அவர்களில் பெரியவர், அந்த மொழியையே முதலில் உண்டாக்கியவர். எல்லாரும் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்களாம். ஓடுவதை நிறுத்தக் கூடாது என்பது தாத்தாவின் சட்டம்.

"ஒத்துக்கலைன்னா?" என்றேன்.

"அந்தப் பழசு உள்ள இருந்தா நான் வெளிய. சொல்லிட்டேன்."

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். அந்தக் கருவிப்பெட்டிக்கு மெருகு போட்டே இவளுக்கு வயது போயிருக்கிறது. அதை விட்டால் இவளுக்கு வேறு என்ன இருக்கிறது என்று அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் மதியம், அந்த மாற்றத்துக்கான நாலு வரியோடு பட்டறைக்கே வந்துவிட்டாள். நான் ஒரு ஃப்ரிட்ஜின் முதுகைத் திறந்து வைத்திருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு படித்தேன்.

'இந்த இடத்தில் எண் வராமலும் போகலாம். வராவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை. இதுவரை நாங்களாகவே பூஜ்யம் என்று வைத்துக்கொண்டோம். பூஜ்யம்தான் வேண்டும் என்றால், அதை நீங்களே இங்கே எழுதுங்கள்.'

மூன்றாவது வரியில் என் கண் நின்றுவிட்டது.

"என்ன மாமா? புரியலையா?"

"எடுத்துட்டுப் போ."

"எந்த வரி இடிக்குது?"

"எடுத்துட்டுப் போன்னு சொன்னேன்ல."

அவள் போகவில்லை. எங்கே இடிக்கிறது என்று தெரியாமல் அவளால் ஓர் இடத்தை விட்டு நகர முடியாது. வேறு வழியில்லாமல் சொன்னேன். கிடங்கு, வயர், வாடை, எல்லாம். எனக்கு வேலை போன சமயத்தில் அவள் வேறெங்கோ இருந்தாள். மாமா தூங்கிவிட்டார் என்றுதான் அவள் காதுக்கும் போயிருக்கிறது. முழுவதையும் கேட்டுவிட்டு, சுவரில் இருந்த பெட்டியை அவளே ஆணியிலிருந்து கழற்றினாள். தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "நான் கொண்டு போறேன்" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கு உயிர் கொடுக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்திருக்கிறாள். திரும்பி வந்ததும் மாடியில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். இரண்டு வேளை சாப்பிட வரவில்லை. பிறகு பட்டறைக்கு வந்தாள். நான் குழாய்க்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். அணைக்கும்வரை காத்திருந்தாள்.

"மாமா, அந்தப் பெட்டிக்குள்ள ஓடறது எங்க மொழிதான். ரொம்பப் பழைய பதிப்பு."

"சரி."

"சென்சார்லேர்ந்து எழுத்தா வர்றதை எண்ணா மாத்தற கருவியும் எங்களோடதுதான். காலியா வந்தா பூஜ்யம் குடுக்கும்." கொண்டைப் பென்சிலை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். "அது நான் எழுதினது. வேலைக்குச் சேர்ந்த புதுசுல."

பற்றவைத்த இடம் டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது.

"யார் அப்படி எழுதச் சொன்னது?"

"காலியா வந்தா என்ன பண்றதுன்னு கேட்டேன். எதையாவது குடு, புரோகிராம் நிக்கக் கூடாதுன்னாங்க. பூஜ்யம் யாரையும் கடிக்காதுன்னு நெனச்சேன்."

நான் மறுபடியும் பற்றவைக்கத் தொடங்கினேன். அவள் கொஞ்ச நேரம் நின்றாள், போனாள். அதன்பிறகு சில நாள் நான் அவளோடு பேசவில்லை. அவள் இறங்கி வந்தால் நான் எழுந்து கை கழுவப் போனேன். மடிக்கணினி அவளோடு வருவது நின்றது. "மாமனுக்கும் மச்சினிக்கும் என்ன? யார் சொத்தை யார் பிரிச்சீங்க?" என்று என் மனைவி கேட்டுப் பார்த்தாள். இருவரும் தட்டைப் பார்த்தோம்.

கூட்டத்துக்கு முந்தின நாள், பட்டறை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வராமலேயே கேட்டாள்.

"அக்காகிட்ட நான் சொல்லட்டுமா?"

"சொன்னா நம்புவாளா? மாமாவுக்குப் பரிஞ்சு பேசறேம்பா."

"அப்ப நாளைக்கு நீங்க வாங்க. ஆறு பேரும் இருப்பாங்க. பெட்டியையும் வைக்கிறேன்."

"என்னைக் காட்டிப் பரிதாபம் வாங்கப் பார்க்கறியா?"

"பரிதாபம் எனக்கு எதுக்கு? வயரை நான் உருவினா, நானே எழுதி நானே ஆடறேம்பாங்க. நீங்க உருவினாத்தான் அது அறுந்த வயர்."

நான் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை மாற்றிக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். மேஜையில் என் எதிரி, பளிச்சென்று துடைத்து, கண் விழித்து உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து நீண்ட வயரின் நுனியில், விரல் நுனி அளவில் சென்சார். மடிக்கணினியில் ஆறு முகங்கள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்தான் தாத்தா என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் பேசினாள். கிடங்கு என்றாள், பழம் என்றாள். வேலை போனவர் யார் என்று சொல்லவில்லை. பூஜ்யத்தை எழுதியது யார் என்று மட்டும் சொன்னாள். ஒருவர் இருமினார். ஒருவர் கேமராவை விட்டுப் பார்வையைத் திருப்பினார்.

தாத்தா நிதானமாகத்தான் கேட்டார். "நீ சொல்றது வருத்தமாத்தான் இருக்கு. ஆனா வயர் அறுந்தா பெட்டி அணைஞ்சு போகும்மா. நம்பர் எப்படிக் காட்டும்? அந்த ஆள் தூங்கியிருப்பாரு."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

மச்சினி மடிக்கணினியைத் திருப்பினாள், தன் முகம் மறைந்து பெட்டியின் எண் மட்டும் தெரியும்படி வைத்தாள். "அக்கா, கொஞ்சம் இங்க வந்து நில்லு" என்றாள். என் மனைவி ஈரக் கையோடு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். மச்சினி சென்சாரை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து விரல்களை இறுக மூடிக்கொண்டாள். அவள் கைச் சூட்டில் பெட்டியில் எண் ஏறத் தொடங்கியது. இருபத்தொன்பது. முப்பத்தொன்று. முப்பத்து மூன்று. அங்கே நின்றது. மூடிய கையைக் கேமராவுக்கு எதிரே நீட்டினாள்.

"மாமா, இப்ப வயரை உருவுங்க."