ஃப்ரிட்ஜுக்குள் வண்டிச் சாவி

என் வீட்டுக்காரர் பகலில் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். மற்ற நேரத்தில் சுயாதீன இசைக் கலைஞர். சுயாதீனம் என்றால் எந்தக் கம்பெனியும் இவரைக் கூப்பிடவில்லை, இவரும் யாரையும் போய்க் கேட்கவில்லை என்று அர்த்தம். பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, பாடி, தான் கட்டிய இணையதளத்தில் தானே ஏற்றிவிடுவார். அதில் ‘வெளிவர இருப்பவை’ என்று ஒரு பக்கம். நான்கு வருஷமாக அதே மூன்று பாட்டு அங்கே நிற்கிறது. கேட்டால், “அவசரப்பட்டா இசை வராது” என்பார். அவசரப்படாமலும் வரவில்லை என்பதை நான் சொல்வதில்லை.

பதிவு நடப்பது எங்கள் துணி அலமாரிக்குள். துணிகள் எதிரொலியைக் குடித்துவிடுமாம். இவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே இருக்கிற அத்தனையும் என் பொறுப்பு. ஃபேனை நிறுத்த வேண்டும். மகளை மாடி வீட்டில் விட்டுவர வேண்டும். மிக்ஸி போடாதீங்க என்று கீழ்வீட்டு அக்காவிடம் கெஞ்ச வேண்டும். இருமலை விழுங்க வேண்டும். உறுமுகிறது என்பதால் ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்க வேண்டும். முதல் தடவை திரும்ப மாட்ட மறந்து பாலெல்லாம் திரிந்துபோனது. அதிலிருந்து பிளக்கைப் பிடுங்கினதும் அவர் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவேன். சாவி இல்லாமல் அவர் எங்கே போவார்? எடுக்கத் திறந்தால் பிளக் ஞாபகம் வந்துவிடும்.

போன மாதம் முதல் பாட்டுக்கு ஒருவழியாகத் தேதி குறித்தார். ஞாயிறு பதிவு, வெள்ளி வெளியீடு. அதற்கு முன் இணையதளத்தை மேம்படுத்த வேண்டும் என்று ஒரு வாரம் உட்கார்ந்தார். நிறத்தை மாற்றினார். பிறகு பழைய நிறத்துக்கே வந்தார். கடைப் பழக்கத்தில் எழுத்தை மட்டும் நன்றாகப் பெரிதாக்கினார். அதனால்தான் சமையலறை வாசலில் நின்றபடியே என்னால் படிக்க முடிந்தது: ‘இவர் எல்லாவற்றையும் தனி ஒருவராகவே செய்கிறார்.’

எனக்குச் சுரீரென்றது. பதினோரு வருஷமாக இருமலை விழுங்கியிருக்கிறேன்.

“தனியாவா?”

“அது ஒரு வழக்கம்மா. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க.”

“சரிங்க. அப்படியே தனியா பண்ணுங்க.”

ஞாயிறு மதியம் நான் எதையும் நிறுத்தவில்லை. ஃபேன் சுற்றியது. மகள் கூடத்தில் பந்து தட்டினாள். கீழே மிக்ஸி ஓடியது. இருமல் வந்தது, மனதார இருமினேன். அவர் அலமாரியிலிருந்து மூன்று தடவை வெளியே வந்தார், மூன்று தடவையும் வாயைத் திறக்காமல் உள்ளே போனார். ஃப்ரிட்ஜ் பிளக்கை அவரே பிடுங்கினார். சாவியையும் ஞாபகமாக உள்ளே வைத்தார். வைத்தது என் வண்டிச் சாவியை.

பதிவு முடிந்ததும் தன் வண்டியில் ஜம்மென்று கடைக்குக் கிளம்பிவிட்டார். நான் வீடு முழுக்கச் சாவியைத் தேடி அலுத்து, மகளோடு பஸ் பிடித்து அம்மா வீட்டுக்குப் போய்வந்தேன். திரும்பி வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தால் பால் திரிந்திருந்தது, சாவி பத்திரமாக இருந்தது.

“பாட்டு எப்படி வந்திருக்கு?” என்று ராத்திரி அவர் வந்ததும் கேட்டேன்.

“பாட்டே கேக்கல. ஒரே சத்தம்.”

“தனியா பண்ணா அப்படித்தாங்க இருக்கும்.”

வெள்ளிக்கிழமை பாட்டு வரவில்லை. பாவம், நான்கு வருஷம் காத்திருந்த பாட்டு. எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் இறங்கிப்போக மனசு வரவில்லை.

சனிக்கிழமை காலை காப்பி கலக்கிக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிவைத்தார். ‘தனி ஒருவர்’ வரியைக் காணோம். முதல் பாட்டின் கீழே புதிதாக எழுதியிருந்தது: ‘சொல், மெட்டு, குரல்: நான். சுற்றிலும் இருக்கும் அமைதி: என் மனைவி.’ கடைசி இரண்டு சொல் மட்டும் கண் பரிசோதனைப் பலகையின் முதல் வரி அளவுக்கு இருந்தது.

“எதுக்கு இவ்ளோ பெரிசு?”

“முன்னாடி எனக்கே தெரியலல்ல.”

அழுகை வந்துவிட்டது. அடுப்பைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். பிறகு ஃபேனை நிறுத்தினேன், மகளை மாடிக்கு அனுப்பினேன், பிளக்கைப் பிடுங்கினேன். அவர் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்து, பக்கத்திலேயே என் சாவியையும் வைத்தேன்.

“உள்ள போங்க” என்றேன்.